கவிழ்ந்த செருப்பின் மூலம்

மனிதகுலம் இதுவரை மூன்றே மூன்று உண்மைகளைத்தான் கண்டறிந்திருக்கிறது. நெருப்பு சுடும். சக்கரம் உருளும். வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும். முதல் இரண்டுக்கும் சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதை 'விஞ்ஞான முறைப்படி' நிரூபித்தவர் நம் சர்வேயர்.

ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து அலுத்துப்போனவருக்கு, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில், 'முன்னோர் அறிவியல் மன்ற'த்தில் இடம் கிடைத்தது. ஞாயிறுதோறும் கூடி, முன்னோர் சொன்ன எதுவும் வீணில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போடும் அமைப்பு அது. நல்ல கட்டுரைக்குப் பட்டயம் உண்டு. அதை மாட்ட ஹாலில் ஆணிகூட அடித்துவிட்டார் சர்வேயர்.

ஆய்வு முறை எளிமையானது. தினமும் மாலையில் தன் வலது செருப்பை வாசற்படியில் தானே கவிழ்த்து வைப்பார். நாடாவைப் பிடித்துத் தூரம் அளப்பார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, நோட்டும் கையுமாகச் சண்டைக்குக் காத்திருப்பார். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு, இரண்டு கையிலும் பையோடு வரும் மனைவி அதில் தடுக்கித் தடுமாறுவாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உங்களுக்கு?"

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்து, 'ஆறு பதினெட்டு. சண்டை' என்று குறித்துக்கொள்வார்.

நாற்பது நாளில் ஒரே ஒரு நாள்தான் சண்டை வரவில்லை. அன்று மனைவி வரத் தாமதமானதால் சர்வேயர் தானே தடுக்கி விழுந்தார். நாற்பதாம் நாள் அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. 'சண்டை. மிகத் தீவிரம்' என்று சிவப்பு மையில் எழுதினார். உள்ளங்காலில் சேரும் 'எதிர்மறை அலைகள்' செருப்பு கவிழ்ந்ததும் மேலே கிளம்பிக் குடும்பத்தினர் மண்டைக்குள் போவதாக இருபது பக்கம் விளக்கமும் சேர்த்தார்.

மன்றத் தலைவர் படித்து முடித்தார்.

"பிரமாதம் சார். ஆனா மூலம் இல்லையே."

நாற்பது நாள் நாற்காலியை விட்டு அசையாத சர்வேயர் கூச்சத்தோடு, "லேசா ஆரம்பிச்சிருக்கு சார்" என்றார்.

"அட, அது இல்ல. முதல்ல இதைச் சொன்னது யாரு? அது தெரியாம பட்டயம் தர முடியாது."

சர்வேயர் வேர் தேடிப் புறப்பட்டார். அத்தையைக் கேட்டார். "உன் பொண்டாட்டிதான்டா சொன்னா." மச்சினனைக் கேட்டார். "அக்கா சொல்லித்தான் மாமா தெரியும்." கடைசியில், தலையணையில் காலைத் தூக்கி வைத்திருந்த மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கல்யாணமான புதுசுல, 'செருப்பை ஒழுங்கா விடுங்க, கால் தடுக்குது'ன்னு சொன்னேன். ஏழு வருஷம் சொன்னேன், நீங்க காதுலயே போட்டுக்கல. ஒருநாள், 'கவுந்து கிடந்தா வீட்ல சண்டை வரும்'னேன். அன்னிக்கே நிமிர்த்தி வெச்சீங்க. இருபது வருஷம் நிம்மதியா நடந்தேன். இப்ப ஆராய்ச்சின்னு வந்து நிக்கறீங்க."

"ஆனா சண்டை நிஜமாவே வந்துச்சே?"

"வராம? போட்டது நான்தானே."

சர்வேயர் நேர்மையானவர், எவருக்காகவும் ஓர் அங்குலம் கூட்டிக் குறைத்து எழுதாதவர். 'மூலம்: என் மனைவி' என்றே எழுதிக் கொடுத்தார். தலைவர் பேனாவை எடுத்து அதை அடித்தார்.

"பொண்டாட்டி சொன்னான்னா எவன் சார் கேப்பான்? எங்க வீட்லயும் அவதான் சொன்னா. நான் வெளிய சொல்லிக்கறேனா?"

ஞாயிற்றுக்கிழமை கைதட்டலோடு பட்டயம் கிடைத்தது. வந்த சந்தோஷத்தில் சர்வேயர் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினார். நொண்டிக்கொண்டு வந்த மனைவி பட்டயத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். 'பெயர் தெரியாத முன்னோர் ஒருவர் அருளிய பேருண்மையை உலகறியச் செய்தமைக்காக...'

படித்துவிட்டு அதை ஆணியில் மாட்டினாள். கோணல் இல்லாமல் சரிசெய்தாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அந்த முன்னோர் இன்னும் சாகலைங்க. போய் செருப்பை நிமிர்த்திட்டு வாங்க."