ஒரு மூக்குக்கு மூன்று வைத்தியர்கள்

தேதி பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. மேஜைமேல் மருந்து மூன்று வகை. வீட்டில் என்னோடு பேசாதவர் ஒருவர்.

மரியாதைக்குரிய மாமாவுக்கு உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்; உங்கள் மகளின் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. நீங்களும் அத்தையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? போனை எடுத்தால்தானே தெரியும்! அதனால்தான் கடிதம்.

உங்கள் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கியது தப்புதான். மருந்து உங்கள் வெள்ளைச் சட்டையில் கொட்டியதும் தப்புதான். பிடுங்காமல் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய தப்பு. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் மாமா. எட்டுப் பேர் ஏறுகிற பெட்டியில் ஒன்பதாவது ஆள் காலை வைத்தால், 'பரவாயில்ல, ஒல்லியாத்தானே இருக்காரு'ன்னு விடமாட்டேன்.

நடந்ததைக் கேளுங்க. காலையில பையனுக்கு மூக்கு ஒழுகுது. உங்க மக வேலைக்குக் கிளம்பற அவசரத்துல, உடம்பு லேசா சுடுதுன்னு ஜுர மருந்தை ஊத்திட்டு, யார்கிட்டயும் சொல்லாம தலை பின்னப் போயிட்டா. அத்தை, ஐயோ பாவம்னு கைப்பையிலிருந்து சளி மருந்தை எடுத்து ஒரு மூடி கொடுத்துட்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதடா ராஜா"ன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ரெண்டு வயசுப் பய, அவனுக்கு வர்ற வார்த்தையே கைவிரல்ல எண்ணிடலாம், எங்கே சொல்றது? மூணாவதா நீங்க. நீங்க போடற சளி மாத்திரையைக் கத்தியால கால் துண்டாக்கி, தண்ணியில கரைச்சு, சர்க்கரை டப்பா ஸ்பூனோட, "ஏரோப்ளேன் வருது, ஆ காட்டு"ன்னு வர்றீங்க. பய வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். காலையிலேருந்து ரெண்டு இனிப்பு உள்ளே போயிருக்கு, அவன் ஏன் மூடறான்?

பெரியவங்க மாத்திரைன்னுதான் ஸ்பூனைப் பிடுங்கினேன்; அப்புறம்தான் மத்த ரெண்டு பேரும் கொடுத்ததை ஒத்துக்கிட்டாங்க. மூணு அட்டையையும் படிச்சேன் மாமா. பேரு வேற, கலரு வேற, மூணுக்குள்ளயும் அதே ஜுர மருந்து. அளவு மீறினா கல்லீரல் போயிடும். நாலு வயசுக்குள்ள பிள்ளைக்கு டாக்டர் சொல்லாம சளி மருந்தே கூடாதுன்னு அத்தையோட பாட்டில்லயே எறும்பு சைஸ்ல அடிச்சிருக்கு. அதைச் சொன்னா நீங்க, "மூணு புள்ளைய வளர்த்தவன் மாப்ள நான்!"னீங்க. "மூணும் பிழைச்சது அதுங்க சாமர்த்தியம்"னேன். அதுல ஒண்ணு என் பெண்டாட்டிங்கறது சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. நீங்க ஈரச் சட்டையோட பஸ் ஏறிட்டீங்க. அவ வேலைக்கும் போகல, பேசவும் இல்ல.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, உள்ளே போன அளவை அப்படியே சொன்னேன். "இந்த அளவுக்குப் பயமில்ல, இன்னிக்கு இனிமே எதுவும் கொடுக்காதீங்க. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு விடுங்க, நிறையக் குடிக்க வையுங்க, சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. தடுத்தது சரிதான் தம்பி"ன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன்.

ஆகவே, தயவுசெய்து திரும்பி வாருங்கள். பையன் வாசலில் நின்று "தாத்தா போ, தாத்தா போ" என்று அழுகிறான். 'வா' இன்னும் அவனுக்கு வரவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியைப் பேரனுக்கு முழுசாகவும் எனக்குக் கால் துண்டாகவும் அனுப்பிவையுங்கள்.

பி.கு.: மணி ஆறரை. டாக்டரம்மா மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. இடது பக்கம் மட்டும்தான் ஒழுகுதுன்னு நாம ஒருத்தரும் கவனிக்கல. சளியே இல்லை மாமா! உள்ளே ஒரு ரப்பர் வளையம். லிஃப்ட் பட்டனுக்குப் பின்னாடி மாட்டறது. அவங்க அதை இடுக்கியில தூக்கிப் பிடிச்சு, "இது யாரோடது?"ன்னாங்க. காலையிலேருந்து முதல் தடவையா உங்க மக வாயைத் திறந்தா: "இவரோடது." சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

மருந்து பற்றி எழுதியதில் ஓரெழுத்தும் மாறாது. மற்றதெல்லாம் வாபஸ். இனி செய்யப்போவது:

1. என் வேலைப்பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுவது.
2. மருந்தையெல்லாம் அந்த அலமாரிக்குள்ளேயே வைப்பது. சாவி உங்கள் மகளிடம். யார் கொடுப்பதாக இருந்தாலும், நான் உட்பட, டாக்டரைக் கேட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, பாட்டிலோடு வந்த அளவுக் குழாயில்தான்.
3. நாளைக்குப் புறப்படும் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் அங்கே வந்து, இந்தக் கடிதத்தை நேரில் கொடுப்பது.
4. நீங்கள் கதவைத் திறந்ததும் பையனை முன்னால் நீட்டுவது. படித்து முடிக்கும்வரை நான் அவனுக்குப் பின்னால் நிற்பது.