இடப்பக்கம் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்

எடுத்த படத்தை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் காட்டிய படத்தில் ஒரு குறையாவது சொல்லாவிட்டால் வேறு சிலருக்குத் தூக்கம் வராது. இந்த இரண்டு குணங்களும் தனித்தனி ஆட்களிடம் இருக்கும்வரை உலகத்துக்கு ஆபத்தில்லை. இரண்டும் ஒரே உடம்பில் குடியேறி, அந்த உடம்பின் கழுத்தில் ஒரு கேமராவும் தொங்கத் தொடங்கினால் உருவாகிறவர்தான் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மதிலுக்கு மேல் எக்கி நின்று, "ஒரு நிமிஷம், அசையாதீங்க" என்பார். நீங்களும் வெலவெலத்துப்போய் குடமும் கையுமாக நிற்பீர்கள். அவர் சொன்னது செடியில் இருக்கும் எறும்பிடம். அந்த மரியாதையும் எறும்புக்குத்தான்.

இவர்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடுவார்கள். நாம் பார்க்கப்போகும் கூட்டம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் கூடுகிறது. கடைக்காரரும் ஓர் உறுப்பினர். கண் பரிசோதனை செய்யும் எழுத்து அட்டைக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் திரையைக் கட்டியிருப்பார். யாராவது "படம் கொஞ்சம் மங்கலா இருக்கே" என்றால், அவர் அட்டையைக் காட்டி, "கடைசி வரியை வாசிங்க, பாப்போம்" என்பார். வேடிக்கைக்குத்தான் சொல்லுவார். ஆனாலும் இதுவரை மூன்று பேர் விமர்சனம் செய்ய வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

திரையில் படம் விழுந்ததும் அதை எடுத்தவர் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். "இது சும்மா, போற வழியில எடுத்தது." போகிற வழியில் எடுப்பதற்காக அவர் விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, முழங்காலளவு சேற்றில் இறங்கி, அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அதை உண்மையாக்கிக்கொண்டு திரும்பியிருப்பார். அடுத்த வாக்கியம், "எடிட்டிங் எதுவும் பண்ணல." பண்ணாமல் இருப்பதற்கு மூன்று நாள் ஆகியிருக்கும். அதன்பிறகு யாரோ ஒருவர், "ம்ம்ம்" என்பார். அப்புறம் "நல்லா இருக்கு." அப்புறம் "ஆனா."

அந்த "ஆனா"வுக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

திரையில் ஒரு கிழவர் கண்ணீர்விட்டுக்கொண்டிருப்பார். அவர் ஏன் அழுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எந்த லென்ஸ் என்று கேட்பார்கள். பல் டாக்டர் பறவைகளை மட்டும் எடுப்பார், நாள் முழுக்க வாய்களைப் பார்ப்பவருக்குப் பல்லில்லாத ஜீவன்கள் மேல் பிரியம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கணக்கு டீச்சர் பூட்டிய கதவுகளை எடுப்பார். படம் எதுவாக இருந்தாலும் தலைப்பு ஒன்றுதான்: தனிமை. ஒற்றைக் கொக்கு, தனிமை. ஒற்றைக் கதவு, தனிமை. போன மாதம் ஏழு படங்களில் ஐந்துக்கு அதே தலைப்பு. ஆறாவதாக வந்தவர் கூச்சத்தோடு 'தனிமை – 2' என்று வைத்திருந்தார்.

இந்தக் கூட்டத்தின் நடுநாயகம் இடப்பக்கத்தார். வீடு கட்டுபவர்கள் கொண்டுவரும் வரைபடங்களைப் பார்த்துச் சிவப்பு மையில் குறை எழுதித் திருப்பியனுப்புவது அவருக்கு உத்தியோகம். அதே வேலையை மாதம் ஒருமுறை சம்பளமில்லாமல் மாடியில் செய்வார். எந்தப் படத்தைப் போட்டாலும் மூக்கைத் தடவிக்கொண்டு, தலையை அரை அங்குலம் சாய்த்து, "நல்லா இருக்கு. ஆனா இடப்பக்கம் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்" என்பார். பதினாலு வருடமாக இதே தீர்ப்புதான். ஒருமுறை பல் டாக்டர் குறும்புக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். அப்போதும் இடப்பக்கம்தான் வெட்டுப்பட்டது.

அவருடைய சொந்தப் புகழ் ஒரு மழைத்துளியில் நின்றது. மழைக்காலத்தில் ஒருநாள், மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருக்கும் மனைவியை வேலை முடிந்து கூட்டிவரப் போனவர், ஆண்கள் வார்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டு தொங்குவதைக் கண்டார். அது விழுமுன் எடுத்துவிட்டார். தலைப்பு உங்களுக்கே தெரியும். மாடியில் அதைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த நேரத்துல அங்க ஒரு ஈ காக்கா இல்ல. நானும் அந்தச் சொட்டும் மட்டும்தான்" என்றார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இடப்பக்கம் வெட்டச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏற்கெனவே அவரே வெட்டியிருந்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மனைவி ஓய்வுபெறும்வரை.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம். தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றால் அவருடைய படத்தைச் சட்டம் போட்டு வார்டு நடைக்கூடத்தில் மாட்டுவார்கள். அங்கே ஏற்கெனவே நாலு பேர் மாட்டப்பட்டிருந்தார்கள், நாலுமே அடையாள அட்டைப் படங்களைப் பெரிதாக்கியவை, நாலு பேரும் யாரோ அதட்டியதுபோல் விழித்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு அதைப் பார்த்தாலே ஒரு பயம். முப்பத்தொரு வருடம் நின்ற இடத்தில் தானும் அப்படி விழித்துக்கொண்டு தொங்க வேண்டுமா? கணவர் கேமரா தூக்கிய பதினாலு வருடத்தில் முதல்முறையாக அவரிடம் ஒரு படம் கேட்டார்.

"வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுக்கணுமாம். பெரிசா, தெளிவா ஒண்ணு. உங்ககிட்ட இல்லாததா?"

"எத்தனை வேணும்?" என்றார் இடப்பக்கத்தார்.

கணினியில் நாற்பத்தாறாயிரம் படங்கள் இருந்தன. மனைவியைத் தேடினார். கொக்கு இருந்தது, எறும்பு இருந்தது, துருப்பிடித்த பூட்டு பதினொரு கோணங்களில் இருந்தது. மனைவி? வெளியே எங்கே போனாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "கொஞ்சம் அங்க நில்லு, வெளிச்சம் பாக்கணும்." மனைவி போய் நிற்பார். இரண்டு படம் எடுத்து வெளிச்சம் சரியா என்று பார்த்துவிட்டு, "சரி, நகரு" என்பார். மனைவி நகர்ந்ததும் பின்னாலிருந்த பூட்டை எடுப்பார். வீடு திரும்பியவுடன் வெளிச்சம் பார்த்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்துவிடுவார். அதில் அவர் மகா ஒழுங்கு. அழிபடாமல் தப்பியவை ஆறு. ஒன்றில் முழங்கை. ஒன்றில் வெளிச்சம் திருப்பும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், முகம் அட்டைக்குப் பின்னால். மூன்றில் கண் மூடியிருக்கிறது. ஆறாவது, ஜன்னலோரம் கருப்பு நிழலாக நிற்கும் ஒரு பெண், போட்டியில் பரிசு வாங்கிய படம்.

அதைக் காட்டினார்.

"மூஞ்சியே தெரியலையேங்க."

"அதுதான் அழகே."

"முப்பத்தொரு வருஷம் அந்த வார்டுல நான் மூஞ்சியோடதாங்க நின்னேன்."

சரி, புதிதாகவே எடுத்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் சோபாவை நகர்த்தி, கேமரா முக்காலியை விரித்து, அட்டையை நாற்காலியில் சாய்த்து, மனைவியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். தாடையை இறக்கச் சொன்னார். ஏற்றச் சொன்னார். "இயல்பா இரு" என்று அதட்டினார். மேகம் விலகக் காத்திருந்தார், விலகியதும் இன்னொரு மேகத்துக்காகக் காத்திருந்தார். இரண்டு மணி டியூட்டிக்கு மனைவி எழுந்தபோது இருநூற்றுப் பதினாலு படங்கள் ஆகியிருந்தன. அவற்றில் மூன்றைப் பொறுக்கினார். மூன்றிலும் அவர் மனைவி, அதட்டப்பட்டவராக, மிகத் தெளிவாக விழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாதாரண மனிதர் இந்த இடத்தில் ஏதோ ஒன்றை மனைவியிடம் கொடுத்திருப்பார். இடப்பக்கத்தார் மூன்றையும் மாடிக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, 'ஏ, பி, சி, எது?' என்று கேட்டார்.

கேட்கலாமா? பசித்த ஆட்களுக்கு நடுவில் பந்தி விரித்ததுபோல் ஆகிவிட்டது. ஏ என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஏ-யில் மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறது என்றார் டீச்சர், கோடு போட்டு அளந்தும் அனுப்பினார். பல் தெரியவில்லை, பல் தெரிந்தால்தான் படம் என்றார் பல் டாக்டர். கருப்பு வெள்ளை ஆக்கினால் என்ன என்று ஒரு குரல். எந்த லென்ஸ் என்று இன்னொரு குரல். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை பேச்சு எந்த முக்காலி வாங்கலாம் என்பதில் திரும்பிவிட்டது. வியாழக்கிழமை காலை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"படம் ஆச்சா?"

"இன்னும் ரெண்டு பேர் முடிவா சொல்லல."

"யாரு?"

"பல் டாக்டரும் டீச்சரும்."

"அவங்க எந்த வார்டு?" என்றார் மனைவி. பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழா மூன்று மணிக்கு. இரண்டரைக்குக் குழு ஒருமனதாக முடிவுக்கு வந்தது: சி, கருப்பு வெள்ளையில். இடப்பக்கத்தார் வழியில் ஸ்டூடியோவில் நுழைந்து, அதைப் பெரிதாகப் போட்டு வாங்கி, காகிதம் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நடைக்கூடத்தில் ஐந்தாவது சட்டம் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

போனில் எடுத்த படம். கோணலாக இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் நெற்றி வெளுத்துப்போயிருந்தது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி ஒன்று நேராக மனைவியின் தலையிலிருந்து முளைத்திருந்தது. கொண்டையில் பேனா செருகியபடி, ஒரு கை வயிற்றைப் பிடித்தபடி, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், கண்ணோரம் தண்ணீர் வரச் சிரிக்கிற சிரிப்பு. அப்படியொரு சிரிப்பை இடப்பக்கத்தார் தன் கேமராவுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. மறைப்பானேன், அவருக்கு வயிறு எரிந்தது. அக்குளில் இருந்த பொட்டலத்தை மெதுவாகச் சுவரோரம் இறக்கி வைத்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் மனைவி, பக்கத்தில் வந்து. பின்னால் வார்டே நின்றது. டாக்டர்கள், நர்ஸுகள், தரை துடைக்கும் அம்மா எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே புகைப்படக்காரர் இருக்கிறார் என்று மனைவி முப்பது தடவையாவது அங்கே சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"ம்ம்ம்" என்றார் இடப்பக்கத்தார். "நல்லா இருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனால் கை மூக்கைத் தடவிவிட்டது, தலை அரை அங்குலம் சாய்ந்துவிட்டது. "ஆனா இடப்பக்கம் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்."

"வெட்டிட்டோம் சார்," என்றார் தரை துடைக்கும் அம்மா. "அங்க நீங்க இருந்தீங்க."

அந்த அம்மாதான் படம் எடுத்தவர். போனைத் திறந்து, வெட்டாத படத்தைக் காட்டினார். இடப்பக்கம், படத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர் இரண்டாக மடிந்து நின்றார். முகம் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது, பின்பக்கம் வார்டைப் பார்த்திருந்தது. கட்டில்களில் ஆறு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அன்னைக்கு ஏதோ சொட்டை எடுத்தீங்களே சார், அம்பது நிமிஷம் அப்படியே நின்னீங்க. மூணாம் கட்டில் தாத்தா, தையல் பிரிஞ்சிரும், சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. சிஸ்டர் உங்களைக் கூப்பிடவே விடல. அவர் எடுக்கட்டும், சந்தோஷமா இருக்காருன்னாங்க."

ஈ காக்கா இல்லாத இடத்தில் எட்டுப் பேரை இடப்பக்கத்தார் எண்ணினார், தன்னையும் சேர்த்து. எடுத்தவரோடு ஒன்பது. இன்னொருமுறை எண்ணினார்.

"இதை எனக்கு அனுப்புங்கம்மா."

"எதுக்கு சார், உங்க பின்பக்கம்தான் தெரியுது."

"பரவாயில்ல, அனுப்புங்க."

அன்று மாலையே அந்தப் படம் குழுவுக்குப் போனது. 'சும்மா எடுத்தது' இல்லை, 'எடிட்டிங் பண்ணல' இல்லை, வெறும் படம். நாலு நிமிடம் கழித்து, 'சூப்பர் சார்.' பிறகு, 'எந்த லென்ஸ்?' தலைப்பு என்ன என்று டீச்சர் கேட்டார். விரல் பழக்கதோஷத்தில் 'தனி' வரைக்கும் போய்விட்டது, அவசரமாக அழித்தார். கடைசியாகப் பல் டாக்டர் எழுதினார்: 'நல்லா இருக்கு. ஆனா இடப்பக்கம் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.'

'வேண்டாம்' என்று பதில் போட்டார் இடப்பக்கத்தார். 'அந்த ஆள் இருக்கட்டும்.'

மனிதர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அவர் கொண்டுவந்தது குளியலறைக் குழாயின் சொட்டு. போகிற வழியில் எடுத்ததாம். வெளிச்சம் பார்த்த படங்களை மட்டும் இப்போது அழிப்பதில்லை என்று மனைவி சொல்கிறார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

அவர் கிடக்கட்டும். நீங்கள் இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். நடுவில் எங்கேயாவது மூக்கைத் தடவினீர்களா? தலை அரை அங்குலம் சாய்ந்ததா? நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த எறும்பு வர்ற இடத்துல கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று தோன்றியதா? இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி, கண்ணாடிக் கடை மாடி. இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.