மலையாளத்துப் போற்றியின் மைச் சிமிழ்

மலையாளத்துப் போற்றி என்கிற மந்திரவாதி தென்காசிக்கு எழுந்தருளிய அன்றே களவு ஒழிந்துவிட்டது என்று எங்கள் தெரு முடிவு கட்டிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனை இழுத்துப் பூட்டிவிட்டு அங்கே அரிசி மண்டி வைக்கலாம் என்றுகூடப் பேச்சு. வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்தால் திருடன் முகம் தெரியுமாம். அந்த மையை எதில் செய்தீர்கள் என்று கேட்டால் போற்றி கண்ணை மூடிக்கொள்வார். சட்டிக்கரியும் விளக்கெண்ணெயும் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார், பாவம்! சுரண்டையிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாடு காணாமல் போனவர், மருமகள் காணாமல் போனவர், களவு கொடுக்க வீட்டில் ஒன்றுமே இல்லாதவர், எல்லாரும் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

எங்கள் தெருவில் களவு பெருகியது என்னவோ உண்மை. சாரல் கட்டிவிட்டால் தெருவே குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடும். வீட்டுச் சாவியோ ஒரு சாண் நீள இரும்பு. ஈர வேட்டியில் அதை எங்கே செருகுவது? ஆகவே கதவைப் பூட்டி, வாசல் மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் சாவியை வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வீடு இரண்டு வீடு அல்ல, தெரு முழுக்க அதே மாடக்குழி, அதே விளக்கு. திருடனுக்கு இதைவிட உபசாரம் எந்த ஊரில் கிடைக்கும்? சாவியைக் கையோடு கொண்டு போங்கள் என்று சைக்கிள் கடை முத்துக்குமாரசாமி சொல்லிப் பார்த்தான். இவ்வளவு எளிய யோசனையை யார் மதிப்பார்? சாமி இல்லை என்கிற பத்திரிகையெல்லாம் படிக்கிற ஆள் வேறு.

இந்த நிலையில் அரிசி மண்டி கணபதிசுப்பிரமணியன் வீட்டில் அவர் சோறுண்ணும் வெள்ளிக் கும்பா காணாமல் போனது. தெருவுக்கே பெரிய மனிதர் அவர். உடனே போற்றியை அழைத்தார். போற்றி வெற்றிலையில் மை தடவினார். மனசில் களவு உள்ளவனுக்கு மட்டும் இதில் ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லி வைத்தார். பிறகு, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வள்ளித்தாயின் முகம் தெரிகிறது என்றார். வெற்றிலை கை மாறியது. கணபதிசுப்பிரமணியனுக்குத் தெரிந்தது. அவர் மனைவி குழல்வாய்மொழிக்கு மூக்குத்தியோடு தெரிந்தது. எதிரே வருகிற மாட்டையே காணாத அரைப் பார்வைக்காரருக்கும் பளிச்சென்று தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வள்ளித்தாய் அழுதாள், மறுத்தாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை கொதிக்கிற எண்ணெயில் கையை விடட்டும், வெந்தால் கள்ளி, வேகாவிட்டால் உத்தமி என்று போற்றி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொதிக்கிற எண்ணெயில் வேகாத கை எந்த ஊரில் விளைகிறது? அந்தக் கையை வைத்துத்தான் அவள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். தெருவோ வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று நாள் எண்ணத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை போற்றி குற்றாலத்தில் நீராடக் கிளம்பினார். பாதித் தெரு பக்தியோடு பின்னால் போனது. முத்துக்குமாரசாமியும் போனான். பட்டு வேட்டி, தங்கம் கட்டிய ருத்திராட்சம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் பாறைமேல் வைத்து, பக்கத்தில் மைச் சிமிழையும் வைத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு போற்றி அருவிக்குள் நுழைந்தார். முத்துக்குமாரசாமி சிமிழைத் தொடவில்லை. மூட்டையை மட்டும் எடுத்து, கூட்டத்தோடு வந்திருந்த கணபதிசுப்பிரமணியன் கையில் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இத ஒங்க போர்வைக்குள்ள வச்சுக்கிடுங்க. யாருகிட்ட இருக்குன்னு சாமி மை போட்டுச் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டாருன்னா நாளைக்கு எண்ணெய்ச் சட்டிய நானே தூக்கிட்டு வாரேன்."

"ஒரு நொடியில சொல்லிருவாரு, பாருலே" என்று அவர் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிப் போர்வையால் மூடிக்கொண்டார். நம்பிக்கை என்றால் அது நம்பிக்கை.

போற்றி வெளியே வந்தார். பாறையைப் பார்த்தார். அதுவரை மலையாளம் பொழிந்த வாயிலிருந்து அசல் நம்மூர்த் தமிழ் வந்தது.

"எவம்லே எம் மூட்டையத் தூக்குனது? சுரண்டைக்காரன்கிட்டயா வெளையாடுத? ஏலே, போலீசக் கூப்பிடுங்கலே."

முத்துக்குமாரசாமி பணிவாகச் சிமிழை நீட்டினான். "போலீசு எதுக்கு சாமி? மைதான் பத்திரமா இருக்குல்லா. பாத்துச் சொல்லுங்க."

கூட்டம் ஆவலோடு வெற்றிலை வாங்கி வந்து கொடுத்தது. துண்டு சொட்டச் சொட்ட, சாரல் காற்றில் பல் கிடுகிடுக்க, போற்றி மையைப் பார்த்தார். மலையாளம் திரும்பி வந்துவிட்டது. கறுத்த பெண் ஒருத்தி தெரிகிறாளாம். வள்ளித்தாய்க்கு வேண்டியவளாம். மூட்டையோடு செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். மூட்டை எங்கே என்று அறியாமல் பின்னால் நின்ற இரண்டு பேருக்கு அவளுடைய சேலையின் நிறம்கூடத் தெரிந்தது.

கணபதிசுப்பிரமணியன் போற்றிக்கு ஒரு முழத் தூரத்தில்தான் நின்றார். முகம் இறுக, போர்வையை விலக்கினார்.

"என்னயப் பாத்தா செங்கோட்டை பஸ்ல ஏறுன பொம்பள மாதிரியாவே இருக்கு?"

போற்றி கூப்பிட்ட போலீசே வந்து அவரை அழைத்துப் போனது. சொந்த ஊர் சுரண்டை, பெயர் சொரிமுத்து என்று ஸ்டேஷனில் அவரே சொன்னார். மை இல்லாமலே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருக்காரர்கள் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அருவியில் நிற்கிறார்கள். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் களவு குறைந்துவிட்டது.

போற்றி பிடிபட்ட அன்று சாயங்காலமே கணபதிசுப்பிரமணியன் வள்ளித்தாயின் குடிசைக்குப் போனார். மையை நம்பி ஏமாந்துவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாமல் பழையபடி வேலைக்கு வா என்று கூப்பிட்டார். அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"மை பொய்யின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, சரி. நான் களவாங்க மாட்டேன்னு இத்தன வருசமா ஒங்க வீட்டுல யாருக்கும் தெரியாமலாய்யா இருந்துச்சு?"

அவர் திரும்பி நடந்தார். வள்ளித்தாய் அந்தத் தெருவுக்கு வேலைக்கு வரவேயில்லை.

கரி பூசிய வெற்றிலையை அத்தனை கூர்மையாக உற்றுப் பார்க்கிற மகாஜனங்களே, அடுத்த முறை எதிரே நிற்கிற மனுஷியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசியுங்கள். மூளை ஒன்றும் தேய்ந்துவிடாது.