ஜெபதுரை நடத்திய ஆங்கில வகுப்பு

தன் மனைவி இங்கிலாந்துக்குப் போகவே கூடாது என்று ஜெபதுரை முடிவு செய்த அதே நொடியில், அவருடைய வாய் அவரைக் கேட்காமல், "தாராளமாப் போயிட்டு வா ராணி" என்று சொல்லிவிட்டது.

வாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போன மாதம்தான் லோதி ரோடு ஆபீஸ் கேன்டீனில், பக்கத்து சீட் சதாசிவம் தன் மனைவியை பி.எட். படிக்க விடவில்லை என்று கேள்விப்பட்டு, ஜெபதுரை அரை மணி நேரம் பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பேசியிருந்தார். சமோசா ஆறிப்போனது; அவர் ஆறவில்லை. "பெண்டாட்டியை நம்பாதவன் என்ன மனுஷன்?" என்று முடித்தபோது, தமிழே தெரியாத இரண்டு பேர்கூடத் தலையாட்டினார்கள். அப்படிப் பேசிப் பழகிய வாய் வேறு எதைச் சொல்லும்?

இன்பராணி டில்லியின் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பதினோரு வருஷமாக அதே தீவிர சிகிச்சைப் பிரிவு. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் எல்லாம் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் பறந்து போய், அங்கிருந்து பனியில் நின்றுகொண்டு போட்டோ அனுப்பினார்கள். இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் டில்லி ஓட்டல் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். இன்பராணியைப் பத்து நிமிஷம் பேச வைத்துவிட்டு, "நீங்கள்தான் வேண்டும்" என்றார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒரே நிபந்தனை, ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும்.

அந்த ஒப்பந்த ஃபாரத்தைத்தான் அவள் ஜெபதுரை முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாத்தான் சொல்லுதியளா?" என்று கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் திறமைக்கு இந்த ஆஸ்பத்திரியெல்லாம் ஒரு இடமா?"

"நம்ம பிள்ள ஜோஸ்லினுக்கு ஒன்பது வயசுதான் ஆவுது."

"நான் இல்லையா?"

இன்பராணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஃபாரத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீஸில் சதாசிவத்திடம் பெருமையாகச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் சதாசிவம். "ஆர்.கே.புரத்துல எங்க ஊர்க்காரர் சேஷன்னு ஒருத்தர். அவர் சம்சாரமும் ரெண்டே வருஷம்னுதான் மஸ்கட் போனாங்க."

"வந்துட்டாங்கல்ல?"

"வருவாங்க. இப்போ நடக்கிறது நாலாவது ரெண்டு வருஷம். லீவுல வர்றப்பல்லாம் அவருக்கு ஒரு டார்ச் லைட் கொண்டாருவாங்க. வீடு பூரா டார்ச் லைட். வீட்டுலதான் வெளிச்சம் இல்லை."

அன்று ஜெபதுரை ஒரு கோப்பில் மூன்று தடவை தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் முடிந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு நடந்து வரும்போது தெருவிளக்கெல்லாம் டார்ச் லைட்டுகளாகத் தெரிந்தன. அவள் போய்விடுவாள். போனவள் அங்கே பெரிய சிஸ்டர் ஆவாள். இவர் லுங்கியோடு பால் பூத்தில் நிற்பார். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒரு போன், பிறகு கிறிஸ்துமஸ் கார்டு. 'போகாதே' என்று சொல்லலாம்தான். சொன்னால் சதாசிவத்துக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

ஐ.என்.ஏ. மார்க்கெட் மூலையில் அவருக்கு அந்த யோசனை வந்தது. போக வேண்டாம் என்று இவர் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை சொல்லட்டும்.

ஜெபதுரையின் ஆங்கிலம் அமைச்சகத்தில் பிரசித்தம். ஒரு விஷயத்தை மூன்று பக்கம் எழுதி, கடைசியில் அந்த விஷயம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் செய்வதில் அவருக்கு நிகர் இல்லை. அந்த ஆங்கிலத்தை அவளுக்கு அப்படியே கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். ஒன்பதுக்கு நாலு வந்தால் அதிகம்.

"ராணி, பரீட்சைக்கு நானே உனக்குச் சொல்லித் தாரேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"என் மனைவிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அவள் சற்று யோசித்தாள். "அப்ப சாயங்காலம் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் நான் உக்காந்து எழுதணும். அடுப்ப யாரு பாக்க?"

"நான் பாக்கேன்."

"ஜோஸ்லின் வீட்டுப்பாடம்?"

"அதையும்தான்."

"காலைல எனக்கு ஏழு மணி டூட்டி. அவளுக்குத் தலை பின்னி விடணும், டிபன் கட்டணும். நான் அந்நேரம் கொஞ்சம் வாசிச்சா நல்லது."

அவளுக்கு ஏழு கிடைக்காமல் போக வேண்டுமானால் எதையும் செய்யத் தயாராக இருந்தார் ஜெபதுரை. ஒப்புக்கொண்டார்.

வகுப்பு ஆரம்பமாயிற்று. முதல் பாடம், விருந்துக்கு வரச் சொல்லித் தோழிக்குக் கடிதம். இன்பராணி நாலு வரியில் எளிமையாக எழுதியிருந்தாள். படித்தால் உடனே கிளம்பிப் போகத் தோன்றும். ஜெபதுரை அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்பால் தங்களது மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. மேற்படி விருந்து தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டவர் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் நேரில் ஆஜராவது குறித்து ஆட்சேபணை ஏதும் இல்லை.'

"இது எனக்கே புரியலயே" என்றாள்.

"புரிஞ்சா அது சாதா ஆங்கிலம். இது உயர்ந்த ஆங்கிலம்."

"தோழி வருவாளா?"

"மூணு நகல் வெச்சா வருவா."

அவள் மறு பேச்சில்லாமல் அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அரிசி வெச்சா தண்ணி அளக்கணும்லா" என்று தலை நிமிராமலே சொன்னாள். "விரல்ல ஒரு கணு. வெந்துச்சான்னு ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாருங்க."

இப்படியாக, இவர் அவளுக்கு ஆங்கிலப் பதம் சொல்லிக்கொடுக்க, அவள் இவருக்குச் சோற்றுப் பதம் சொல்லிக்கொடுத்தாள். அவள் எழுதிய கட்டுரைகள் வாராவாரம் கெட்டுக்கொண்டே போயின. அதைப் பார்த்து உற்சாகம் பெற்று அவர் இன்னும் மும்முரமாகக் கரண்டி பிடித்தார்.

முதல் வாரம் ஜோஸ்லின், "டாடி, சாதம் கச்சா இருக்கு" என்றாள். டில்லியில் பிறந்த பெண். வேகவில்லை என்பதற்கு அவளுக்குத் தமிழில் வார்த்தை தெரியாது. மூன்றாம் வாரம் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் இன்னொரு கரண்டி கேட்டாள். முதலில் வலது பின்னல் காதுக்கு மேலேயும் இடது பின்னல் கழுத்துக்குக் கீழேயுமாக இருந்தன. பிப்ரவரி முடிவதற்குள் இரண்டும் சம உயரத்துக்கு வந்தன. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு அவரே போனார். டீச்சர், "இந்த தடவை ஹோம்வொர்க் எல்லாம் ரொம்ப நீட்" என்று பாராட்டியபோது, எதற்காக இதெல்லாம் செய்கிறோம் என்பதை மறந்து ஒரு நிமிஷம் மார்பு விரிய நின்றார்.

மனசாட்சி மட்டும் தொந்தரவு செய்தது. சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். இன்பராணி கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, எனக்காக ராப்பகலாப் பாடுபடுகிற என் புருஷனுக்காக உமக்கு ஸ்தோத்திரம். அவருடைய உள்ளத்தில் இருக்கிற எண்ணத்தை நீர் அறிவீர்" என்று ஜெபித்தாள்.

ஜெபதுரைக்குக் கடவுள் அறிவதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் "ஆமென்" தொண்டையில் சிக்கிக்கொண்டு இருமலாக வந்தது.

ஒருநாள் மனசு தாங்காமல், "ராணி, அந்தக் கடிதத்தை நீ முதல்ல எழுதின மாதிரியே எழுதினாலும் பரவாயில்ல" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்க. எங்க வார்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரவியதான் சொல்லித் தாராவ, வேற கோச்சிங் எதுக்குன்னு."

அவர் போய் ரசத்துக்குத் தாளித்தார்.

ஏப்ரலில் பரீட்சை நடந்தது. அவள் வெளியே வந்து, "என்னமோ எழுதியிருக்கேன்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் முகம். நோயாளிக்குக் காய்ச்சல் நூற்றி நாலா, தொண்ணூற்றி எட்டா என்று அந்த முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வாரம் ஜெபதுரைக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவள் தேறிவிட்டால் என்ன ஆவது என்று ஒரு பயம். தேறாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பயம். இரண்டும் சம எடையில் வயிற்றின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. இன்பராணி டூட்டியில் இருந்தாள். உறையைத் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிரிக்கலாமா? நாலு வந்திருந்தால் ஆறுதல் வார்த்தை இப்போதே யோசித்து வைக்கலாம். ஏழு வந்திருந்தால் கூரியர்காரன் வழியில் தொலைத்ததாக... அதற்கு மேல் யோசிக்க அவருக்கே கூசியது. பிரிக்கவும் தைரியமில்லாமல், கண்ணெதிரே வைக்கவும் தைரியமில்லாமல், கோதுமை மாவு டின்னுக்கு அடியில் வைத்தார்.

இரண்டரை மணிக்கு இன்பராணி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஜோஸ்லின், "மம்மி, கூரியர்வாலா லிஃபாஃபா குடுத்தார். டாடி ஆட்டா டப்பாவுக்கு நீச்சே வெச்சிருக்கார்" என்றாள்.

"பத்திரமா இருக்கட்டும்னு" என்றார் ஜெபதுரை.

இன்பராணி உறையை எடுத்து, மாவைத் தட்டி, பிரித்துப் பார்த்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

ஏழரை. எழுத்துத் தேர்வில் மட்டும் எட்டு.

ஜெபதுரை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"எப்படி?" என்றார். வாழ்த்து என்று ஒன்று சொல்லியிருக்க வேண்டும். அது நினைவுக்கு வரவில்லை.

"கரோல் பாக்ல ஒரு கோச்சிங் இருக்கு. ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சதும், உங்ககிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டு அங்க போயிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமாத்தான். நீங்க எழுதிக் குடுத்த விருந்துக் கடிதத்த ரெண்டாம் நாளே அந்த சார்ட்ட காட்டுனேன். வாசிச்சுப் பாத்துட்டு, இந்தக் கோப்பு எந்த ஆபீஸ்ல நிக்குதுன்னு கேட்டாரு. வகுப்பே சிரிச்சிட்டு."

ஜெபதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பில் மீன் சடசடத்தது. பழக்க தோஷத்தில் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் தினமும் என் முன்னால உக்காந்து எழுதினியா?"

"அந்த ரெண்டு மணி நேரம் நான் உக்காந்தாத்தான் நீங்க அடுப்புப் பக்கம் போறிய. பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டுப் போவ முடியுமான்னு எனக்குத் தெரியணும்லா? கேட்டா, 'நான் இல்லையா'ம்பிய. வாய்ப் பேச்ச நம்பி எப்படி விமானம் ஏறச் சொல்லுதிய?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபப்படலாமா என்று பார்த்தார். கோபத்துக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. மூன்று மாதமாகத் தொண்டையில் கிடந்தது கடைசியில் தானாக வெளியே வந்தது.

"ராணி, போகாதயேன்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. இப்போதுதான் நர்ஸ் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது.

"இந்த வார்த்தைக்குத்தானே அன்னைக்கு ஃபாரத்த நீட்டிக்கிட்டு நின்னேன்" என்றாள். "ஒரு தடவ சொல்லியிருந்தா அங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன். எனக்கே அப்ப பயமாத்தான் இருந்துச்சு. நீங்க எப்படிச் சமாளிப்பியளோ, பிள்ளை பட்டினி கிடக்குமோன்னு."

ஜெபதுரைக்கு உயிர் வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "அந்தப் பயம் நியாயமானதுதான? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஃபாரம்தான?"

இன்பராணி அடுப்படிக்குப் போனாள். தட்டில் இருந்த மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"இப்ப பயம் இல்லங்க" என்றாள். "என்னயவிட நல்லாப் பொரிக்கிய."