மிக்ஸியில் அரைத்த சலவைத்தூள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது மட்டும்தான் இப்போது என்னால் முடிகிறது.

பாப்பாவுக்கு நான்கு மாதம். வலது கன்னத்தில் சிவப்பு. பொட்டளவில் தொடங்கிக் கன்னம் முழுக்கப் பரவியது. சலவைத்தூள் பாக்கெட்டை எடுத்துப் படித்தேன். 'புரதக் கறைகளைச் சிதைக்கும் நொதிகள் கொண்டது.' பாப்பாவும் புரதம்தானே அக்கா. கறைக்கும் கன்னத்துக்கும் நொதி வித்தியாசம் பார்க்குமா? சலவைத்தூள் தொழிற்சாலையில் பதினோரு வருடம் நீ முகமூடி மாட்டிக்கொண்டு தொட்ட பொருள். நாங்கள் கரண்டியால் அள்ளுகிறோம்.

கரையாமல் ஒரு குருணைகூடத் துணியில் தங்கக் கூடாது என்று முழுப் பாக்கெட்டையும் மிக்ஸியில் அரைத்தேன். மூடியைத் திறந்ததும் வெள்ளை மேகம், நான் தும்ம, மனைவி இரும, நான் ஜன்னலைத் திறக்க, காற்று உள்பக்கமாக வீச, மேகம் கூடத்துக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, பாப்பா படுக்கையறையில், கதவு சாத்தியிருந்தது.

"குருணையா வெச்சிருக்கிறதே தூசி பறக்கக் கூடாதுன்னுதான். உங்க அக்கா எத்தன தடவ சொன்னாங்க. இப்ப வீட்டையே ஃபேக்டரி ஆக்கிட்டீங்க" என்றாள் மனைவி, துண்டால் மூக்கைப் பொத்தியபடி.

பாப்பாவின் துணிகளை அவள் முதலிலிருந்தே சாதாரணக் கட்டி சோப்பில்தான் துவைக்கிறாள். ஆக, மிச்சம் இருப்பது அந்தத் தூளில் துவைக்கும் என் சட்டை. வலது தோளில்தான் பாப்பாவைச் சாய்த்துக்கொள்வேன். வலது கன்னம்.

ஆறு நாட்களாக நான் அவளைத் தூக்கவில்லை. சிவப்பு குறைந்துவிட்டது. அதுதான் துக்கம். ஆதாரம் கிடைத்துவிட்டது. அவள் கையை நீட்டுகிறாள். நான் வாசலில் நின்று கையசைக்கிறேன், ரயிலேற்றிவிட வந்தவனைப் போல.

"இப்படியே நின்னீங்கன்னா, யாரோ விருந்தாளின்னு நினைச்சுக்கப்போறா" என்கிறாள் மனைவி. சிரிக்கத்தான் சொன்னாள்.

எத்தனை முறை அலசினால் நொதி போகும், அக்கா? ஒன்பது முறை அலசியாயிற்று. சட்டையின் நிறம்தான் போயிருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம். உனக்கு இருமல் இருந்தால் உடனே எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

சந்தேகத்துடன்,
உன் தம்பி

பி.கு.: இன்று டாக்டரம்மாவிடம் போனோம். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "நல்லா அலசின துணியால ஒண்ணும் ஆகாது. அரைச்சு மூச்சுல இழுத்தீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஷேவ் பண்ணி எத்தன நாளாச்சு?"

வாரத்துக்கு ஒருமுறைதான் என்றேன்.

"பாப்பா கன்னம் தாங்குமா? முள்ளு மாதிரி இருக்கு."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

சவரம் செய்துவிட்டேன். பாப்பா என் வலது தோளில் தூங்குகிறாள். இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். சவர நுரையில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?