வான்கோழிக் காலும் என் ஒரே வசனமும்

ஹாலிவுட்,
மார்ச் மாதம், ஞாயிறு மதியம்.

என் அன்புக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்கா வெர்னாவுக்கு,

தம்பி ஆர்வில் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், வயிறு அனுமதிக்கவில்லை. அங்கே நெப்ராஸ்காவில் நீயும், ஹார்லன் அத்தானும், அத்தானின் இரும்புக்கடையும், கடையிலுள்ள ஆணி, கதவுக் கீல், தாழ்ப்பாள் வகையறாக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கீல்களை விசாரிக்கக் காரணம் உண்டு. என் மிச்ச வாழ்க்கை இனி அவற்றோடுதான் என்று ஆகிவிட்டது.

போன நவம்பரில், நன்றித் திருநாள் விருந்தின்போது, அத்தான் எல்லார் முன்னாலும் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "இதோ பாரு மச்சான், அடுத்த நன்றித் திருநாளுக்குள்ள நம்ம ஊர் தியேட்டர்ல நீ வாயத் தொறந்து ஒரு வரி பேசறத நான் என் காதால கேக்கணும். இல்லன்னா பேசாம வந்துடு. கீல் பக்கம் நிக்க ஆள் இல்லாம நான் ஒருத்தனே அல்லாடறேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. 'ரெக்ஸ் மாண்டெய்ன்' என்று ஸ்டுடியோக்காரர்கள் எனக்குச் சிங்கத்துக்கு வைக்கிற மாதிரி பெயர் வைத்த நாளிலிருந்து நான் திரையில் செய்தது ஒரே வேலைதான்: சாவது. குதிரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறேன், கப்பலோடு மூழ்கிச் செத்திருக்கிறேன், ரோமாபுரியில் ஈட்டி பாய்ந்து செத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த படப்பிடிப்புக் கொட்டகையில் சிகாகோ சாராயக் கும்பலோடு செத்திருக்கிறேன். கதாநாயகன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதற்குள் நான் விழுந்துவிடுவேன், அத்தனை அனுபவம். நீ பாவம், ஒவ்வொரு படத்துக்கும் தெருவையே திரட்டிக்கொண்டு போவாய். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க தம்பி எப்பங்க வருவாரு?" என்று கேட்பாள். "வந்துட்டுப் போயிட்டான். நீங்க அப்ப சோளப்பொரி வாங்கிட்டு இருந்தீங்க" என்பாயாம். இதை அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்படியிருக்கையில்தான் என் ஏஜெண்ட் சிட் லபோவிட்ஸ் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, பண்ணைக் குடும்பக் கதை ஒன்றில் சித்தப்பா வேஷம் என்றான். எந்த ரீலில் சாகிறேன் என்று கேட்டேன், வழக்கம்போல. சாகவில்லை என்றான். அதோடு ஒரு வசனமும் உண்டாம். பெரிய விருந்து நடந்துகொண்டிருக்கிறது, ஊரைவிட்டு ஓடிப்போன அண்ணன் மகன் பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான், மேஜையில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, "இந்த வீட்ல இனிமே உனக்கு எடமில்ல" என்கிறார். அவ்வளவுதான். ஆனால் அக்கா, கதையே அந்த ஒரு வரியில்தான் திரும்புகிறது. குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு இடம் போய்விட்டார். முகம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தால் கேமராவுக்கு நன்றாக இருக்கும் என்று முந்தின நாள் முழுக்கப் பட்டினி வேறு கிடந்தேன். விதி எப்படியெல்லாம் இலை போடுகிறது பார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனால் மேஜை நிறைய வான்கோழி. உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி, ரொட்டி, சாறு, எல்லாம் ஆவி பறக்க. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்க வேண்டும் என்று வான்கோழியின் மேலே கிளிசரின் தடவியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்து நாற்காலியில் ஹெட்டி கார்வெல். எல்லாப் படத்திலும் அத்தையாக வருவாளே, அவள்தான். வாழ்க்கையில் இதுவரை எந்த விருந்துக் காட்சியிலும் ஒரு பட்டாணியைக்கூட விழுங்கியதில்லை என்பதில் பெருமை கொண்டவள். முள்கரண்டியால் தட்டில் கோலம் போடுவாள், தூக்குவாள், வாய்வரை கொண்டுபோவாள், அந்தச் சமயம் பார்த்து யாரிடமாவது ஏதாவது கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். என் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டு, "ரெக்ஸு, அதத் தொடாத. பசிச்சா வீட்ல போய்ச் சாப்பிடு, இங்க சாப்பிடற மாதிரி இரு" என்றாள். வசனம் இல்லாத பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்தக் காட்சியில் வசனம் கிடையாது, பாவம்.

டைரக்டர் திபோர் ஹங்கேரிக்காரர். அதிகம் பேச மாட்டார். திருப்தி என்றால் மூக்கைத் தடவிக்கொள்வார். கேமரா ஓட ஆரம்பித்தது. வாசல் திறந்தது. கதாநாயகன் பிரெண்ட் ஹாலோவே வந்து நின்றார். எனக்குள் இருந்த கலைஞன் கண் விழித்தான். கூடவே முந்தின நாள் பட்டினியும் கண் விழித்தது. இரண்டில் எது கையை நீட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு முழு வான்கோழிக் காலை எடுத்து, எலும்பு தெரியக் கடித்து, மென்று, விழுங்கி, துடைக்காத உதட்டோடு அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன் பார், "இந்த வீட்ல இனிமே உனக்கு எடமில்ல." திபோர் மூக்கைத் தடவிக்கொண்டார். "கால் நல்லா இருக்கு. வச்சுக்கோங்க" என்றார்.

என் வாழ்க்கையின் உச்சம் அது, அக்கா. ஹாலோவே சொல்லவேண்டிய பதில் அவருக்கு மறந்துபோகும்வரை நீடித்தது.

மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் மிஸ் தெல்மா என் தோளருகே வந்தாள். ஒரு தடவை எடுத்ததும் மறு தடவை எடுத்ததும் ஒட்டிப்போக வேண்டும், இதில் நிறைந்திருந்த கோப்பை அதில் காலியாக இருக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "நீங்க கதவு சத்தத்துக்குக் கடிச்சீங்க, அவர் தொப்பியக் கழட்டறப்ப முழுங்கினீங்க. இனிமே ஒவ்வொரு தடவையும் அப்படியே இருக்கட்டும் சார். புதுக் கால் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்" என்றாள். நான், ஆஹா, எனக்கென்று தனியாகக் கால் வருகிறதே என்று பூரித்துப்போனேன். அத்தானாக இருந்தால் அங்கேயே எழுந்து ஓடியிருப்பார். வியாபாரிக்கு வருவது தெரியும்.

ஹாலோவேக்குப் பதில் மறந்தது. நான் ஒரு கால் தின்றேன். பதில் நினைவு வந்தது, தொப்பி விழுந்தது, இன்னொரு கால். விளக்கு வெடித்தது; கால். எல்லாம் சரியாக வந்தபோது தலைக்கு மேலே ஆகாய விமானம் பறந்தது, கால். கடைசியில் ஒருவழியாகச் சரியாயிற்று என்று திபோர் சொன்னதும் நான் கண்ணீரோடு கைதட்டினேன். "அது தூரத்துலேர்ந்து எடுத்தது. இனிமே ஒவ்வொருத்தரா எடுக்கணும்" என்றாள் ஹெட்டி, ஆனந்தமாக. மேஜையில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் பக்கமும் கேமரா போனது. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நான் தெரிகிறேன். ஒரு கோணத்தில் என் முழங்கை மட்டும்தான் தெரியும் என்றார்கள். அப்போதாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "முழங்கையும் சாப்பிட்டுச்சே சார்" என்றாள் தெல்மா. மேஜைக்கு அடியில் துப்புவதற்கு வாளி வைத்திருந்தார்கள். மற்ற மகான்களுக்கு அது போதும். எனக்கோ விழுங்கி முடித்த அடுத்த நொடியே வசனம், அதுவும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எங்கே குனிய? வான்கோழிகளின் உலகத்தில் அன்றைக்கு என் பெயரைச் சொல்லித்தான் குஞ்சுகளைப் பயமுறுத்தியிருப்பார்கள். மத்தியான இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் வெளியே ஒரு அட்டைச் சுவரில் சாய்ந்து, கடவுளிடம் என்னை அடுத்த படத்திலேயே கொன்றுவிடச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் முறை வந்தது. என் முகம் மட்டும் திரை முழுக்க. உன் ஊர் தியேட்டரில், உன் தெருவே பார்க்க, அத்தான் காது கொடுத்துக் கேட்க. ஹாலோவே தங்கமான மனிதர்; கேமராவில் தான் தெரியப்போவதில்லை என்றாலும், நான் யாரைப் பார்த்துப் பேசுகிறேனோ அந்த முகம் வேண்டுமே என்று, கேமராவை ஒட்டி என் முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. கதவுச் சத்தம் கேட்டது; கடித்தேன். தொப்பியைக் கழற்றினார்; விழுங்கினேன். வாயைத் திறந்தேன்.

வந்தது வசனம் அல்ல, அக்கா.

மேலே விவரிக்க மாட்டேன். நீ சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் கடிதம் படிப்பாய் என்று தெரியும். அந்தச் சட்டைக்கு மாற்றுச் சட்டை இல்லையாம், அன்றைய வேலை அதோடு நின்றது. ஹாலோவே கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நடந்து போனார். திபோர் மூக்கைத் தடவவில்லை, பொத்திக்கொண்டார். தெல்மா ஒரு ஈரத் துணியைக் கொடுத்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. ராத்திரி சிட் கூப்பிட்டான். "ஆர்வில், நீ பாட்டுக்குச் செத்துக்கிட்டு இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லப்பா. ஒரே ஒரு நாள் உசுரோட விட்டேன், அதுக்குள்ள" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். அவன் வைத்த பிறகும் நான் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஆகவே அக்கா, நன்றித் திருநாள்வரை காத்திருப்பானேன், அத்தான் இப்போதே ஜெயித்துவிட்டார். மாடி அறையைப் பெருக்கி வை. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வருத்தமே இல்லை. கீல் ஒரு நல்ல பொருள். அதை மறுபடி மறுபடி தின்னச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ஊரில் காலையில் எழுந்து, கடையைத் திறந்து, வருகிறவர்களிடம் வாய் நிறையப் பேசி, சாயங்காலம் ஆனால் பூட்டிவிட்டுப் போகிறவன் பாக்கியசாலி. நடிப்பு என்கிற கிறுக்கு என்னைவிட்டு அந்தச் சட்டையோடு போய்விட்டது, இது சத்தியம். வியாழக்கிழமை ரயிலுக்குக் கிளம்புகிறேன். ஸ்டேஷனுக்கு அத்தான் வண்டி அனுப்பினால் போதும், அவரே வரவேண்டாம். அந்தச் சிரிப்பை ரயில் மேடையில் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. இருவரும் நோய் நொடியில்லாமல், மாட்டிறைச்சி மட்டுமே சாப்பிட்டு, நீடூழி வாழ ஆண்டவனை வேண்டுகிறேன்.

உன் தோற்றுப்போன தம்பி,
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சிட் கூப்பிட்டான். எடுத்ததையெல்லாம் ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தார்களாம். என்னைப் படத்திலிருந்து தூக்கிவிடத்தான் பார்த்தார்களாம், முடியவில்லை. ஹாலோவே தெரிகிற இடத்தில் எல்லாம் ஓரத்தில் நான் தின்றுகொண்டிருக்கிறேன். என்னை எடுத்தால் விருந்தையே எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை என் முகத்தை மட்டும் மறுபடி எடுக்கிறார்கள்: கடிக்கணும், விழுங்கணும், சொல்லணும், எல்லாம் அப்படியே. உன்னால் முடியுமா என்று சிட் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன். மாடி அறையைப் பெருக்க வேண்டாம். மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, நீயே கிழித்துவிடு. அத்தானிடமும் நீயே சொல்லிவிடு அக்கா. நான் சொன்னால் கீலுக்காக வருத்தப்படுகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும், அந்த அளவுக்கு எனக்கு நடிப்பு வராது.