அகப்பை அங்கிளும் அரிசியளவு இரும்பும்

சிட்னி மாநகரத்தில் தன் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்த ஒரே மனிதர் அகப்பை அங்கிள்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். வெயில் சரியில்லை என்பார். தோட்டா செய்தவன் தூங்கிக்கொண்டே செய்திருக்கிறான் என்பார். காற்று வேண்டுமென்றே தன் பக்கம் மட்டும் அடிக்கிறது என்பார். ரிவால்வர் குழலின் நுனியில் அரிசியளவு ஓர் இரும்புத் துண்டு நிற்கும், குறி பார்ப்பதற்காக. அதற்குப் பெயர் முன் சைட். அந்தத் துண்டோடு அவர் போட்ட சண்டையை எந்த மருமகளும் எந்த மாமியாரோடும் போட்டிருக்க மாட்டாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வெஸ்ட்மீட்டில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கும் அது தெரியாது. அகப்பை என்ற பெயர் எப்படி வந்தது என்பது பின்னால் வரும். அதற்கு முன்னால் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது.

ஒரு நாள் காலை அங்கிள் காரைப் பின்னால் எடுத்து, வாசலில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளின் மேல் ஏற்றினார். நசுங்கியது என்னுடையது. மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று கதவைத் திறந்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உங்கட தபால் பெட்டியை ஆர் இடம் மாத்தினது?"

"யாரும் மாத்தல அங்கிள். பில்டிங் கட்டின நாள்லேர்ந்து அங்கதான் இருக்கு."

"அப்ப ஏன் எனக்குத் தெரியேல்ல?"

அவருக்குப் பின்னாலேயே வந்த அவர் மனைவி, எங்களுக்கு அன்ரி, கார்ச் சாவியைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இனி இந்த மனுசன் கார் ஓட்டாது. தம்பி, சனிக்கிழமையில மட்டும் இவரைக் கூட்டிக்கொண்டு போறீங்களோ?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், நசுங்கிய தபால் பெட்டிக்கு நஷ்டஈடாக டிரைவர் வேலையும் பார்க்க ஆரம்பித்தேன். நியாயமா இது?

எங்கே போக வேண்டும் என்று அன்ரி சொல்லவில்லை. கோவிலாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கிள் ஒரு பூட்டிய இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் காரின் டிக்கியில் வைத்தார்.

"என்ன அங்கிள் இது?"

"துவக்கு."

நான் டிக்கியை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன். துவக்கு என்றால் துப்பாக்கி என்று தெரியும் அளவுக்கு ஈழத்துத் தமிழ் எனக்குப் பழகியிருந்தது. அவரோ சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "லைசன்ஸ் இருக்கு, பெட்டி பூட்டியிருக்கு, குண்டு வேற பெட்டியில இருக்கு. எல்லாம் சட்டப்படி. நீர் ஸ்பீட் லிமிட்டைப் பாரும்" என்றார்.

லிட்கம் தாண்டி இருந்தது அந்தத் துப்பாக்கி கிளப். ஓய்வு பெற்ற பல் டாக்டர்கள், பஸ் டிரைவர்கள், ஒரு பாட்டியம்மா என்று எல்லோரும் காதில் சத்தத்தை அடைக்கும் மஃப் மாட்டிக்கொண்டு காகித வட்டங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் அங்கிள். திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன்: "துப்பாக்கிக்குப் பயந்துதானே அங்கிள் நாட்டை விட்டு வந்தீங்க? இங்க வந்தும் அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, என்ர வாழ்க்கையில இவ்வளவு காலமும் துவக்கின்ர முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தனான். பின்பக்கம் நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு பார்க்க எனக்கு உரிமை இல்லையோ?"



உரிமை இருந்தது. பார்வைதான் இல்லை. அங்கிள் போட்டிருந்தது மேல் பாதி தூரத்துக்கும் கீழ் பாதி படிப்பதற்குமான கண்ணாடி. கையை நீட்டிப் பிடித்தால் முன் சைட் நிற்கும் தூரம் இரண்டிலும் சேராது. மேல் பாதியால் பார்த்தால் சைட் புகையாகத் தெரியும். உடனே தாடையைத் தூக்கிக் கீழ் பாதியால் பார்ப்பார். அப்போதும் புகை. தாடை தூக்கினால் கையும் தூக்கும், கை தூக்கினால் குண்டு காகிதத்தைத் தாண்டி மேலே போகும். பக்கத்தில் நிற்கும் எனக்கே இது புரிந்தது. அவரோ இரும்பைக் குற்றம் சொன்னார்.

ரிவால்வரோடு வந்தது வெறும் கறுப்பு சைட். குழலின் பின்பக்கம் பின் சைட் என்று ஒரு பிளவு இருக்கும்; அதன் நடுவில் முன் சைட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். "கறுப்புத் தகட்டைக் கறுப்புப் பிளவுக்குள்ள வச்சு, கறுப்பு வட்டத்தைச் சுடட்டாம். இதைச் செய்தவனுக்கு மூளையும் கறுப்பே?" என்று பொரிந்தார். அதைக் கழற்றிவிட்டு நுனியில் சிவப்பு வைத்த ஒன்றைப் பொருத்தினார். அது வெயிலில் ஊறிப் பெருத்து, கண்ணுக்குள் மிளகாய்த்தூள் போட்டதுபோல் இருக்கிறது என்றார். அடுத்தது பச்சையாக ஒளிரும் கண்ணாடி நூல் பதித்தது. அது காகித வட்டத்தையே மறைத்துவிட்டது. "தெருவிளக்கைக் கட்டிக்கொண்டு சுடுற மாதிரிக் கிடக்கு!" பொன்னிறக் குமிழ் வைத்த ஒன்றும் வந்து போனது. பேட்டரி போட்டுச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவியை யாரோ சொன்னபோது, "விளக்குப் பிடிக்க நான் என்ன இரவு வேட்டைக்கே போறன்?" என்று சொன்னவரையே துரத்திவிட்டார். கழற்றிய சைட்டுகளெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. குலுக்கினால் சலங்கைச் சத்தம் கேட்கும்.

கிளப்பில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர் கெவின் என்ற வெள்ளைக்காரர். ஒட்டகச்சிவிங்கி உயரம், பசுவின் பொறுமை. அங்கிளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நிதானமாக நின்று காகிதத்தைச் சுடுபவருக்கு வெறும் கறுப்பு சைட்தான் நல்லது. வயதான கண்ணுக்குப் பின்னாலுள்ள பிளவைக் கொஞ்சம் அகலமாக்கி, முன் தகட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும். கறுப்பு வட்டத்தின் நடுவில் வைக்காமல், அதன் அடியில் வெள்ளைக் காகிதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன் சைட்டைத்தான். சுடப்படுவது மங்கலாகத் தெரிந்தால் போதும்.

அங்கிள் எழுந்துவிட்டார். காரில் ஏறியும் அடங்கவில்லை.

"கேட்டீரே அநியாயத்தை! எதைச் சுடுறமோ அதை வடிவாப் பார்க்கத் தேவையில்லையாம். மங்கலாத் தெரிஞ்சாக் காணுமாம். இது எந்த ஊர் நியாயம்?"

வடிவா என்றால் அவர் பேச்சில் தெளிவாக. "அவர் அனுபவத்துல சொல்றாரு அங்கிள்."

"அனுபவமோ மண்ணாங்கட்டியோ. பார்க்காமச் சுடுறவன் மனுசனே?"

ஒரு காகிதத்துக்காக இவ்வளவு கோபமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் அவருடைய குண்டு காகிதத்தை மாட்டும் மரச்சட்டத்தைப் பிளந்துகொண்டு போனது. கெவின் வந்து நிதானமாகச் சொன்னார். இன்னொரு தடவை சட்டத்தில் பட்டால், கண்ணைச் சரி செய்யும்வரை கிளப்புக்குள் வரக் கூடாது. அங்கிளின் முகம் சுருங்கிவிட்டது. சனிக்கிழமைதான் அவருக்கு வாரம். மற்ற நாளெல்லாம் அதற்காகக் காத்திருக்கும் நாள். வழியெல்லாம் அவர் எதையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அன்ரி போன் செய்தார். "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ. குசினியில கறி வைக்க அகப்பையுமில்லை, பருப்புமில்லை. ரெண்டும் அவற்ற கையில."

போய்ப் பார்த்தேன். துப்பாக்கியை வீட்டில் பெட்டகத்தை விட்டு எடுப்பதில்லை என்று அங்கிளுக்கு ஒரு வைராக்கியம். பயிற்சியோ செய்தாக வேண்டும். அதனால் சிரட்டை அகப்பையைத் தலைகீழாகத் திருப்பி, சிரட்டையைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார். காம்பின் நுனியில் ஒரு தீக்குச்சியை நிமிர்த்தி ஒட்டியிருந்தார். அதுதான் முன் சைட். ரிவால்வரின் கனம் வேண்டுமென்று காம்பில் ஒரு பை மைசூர் பருப்பு தொங்கியது. ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஒரு கறுப்புப் பொட்டைக் குறி பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் பிளாட்டின் ஜன்னலில் நின்று ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

"தெரியுதா அங்கிள்?"

"குச்சி தெரியேல்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன். காற்றைச் சொல்லவில்லை, வெளிச்சத்தைச் சொல்லவில்லை. அந்தச் சூட்டோடு அவரைக் கண் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அகப்பையையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்றார். பருப்பையுமா? பருப்பையும்தான். கனம் இல்லாவிட்டால் கை நிற்கும் தூரம் மாறிவிடுமாம்! எங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வழியாக, டாக்டர்களும் நர்ஸ்களும் எதிரே வர, பருப்பு தொங்கும் அகப்பையோடு நடக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நடந்து பார்த்தால்தான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கண் பரிசோதகர் மலேசியத் தமிழ்ப் பெண். அகப்பையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோடிப் புண்ணியம்.

"என்னா அங்கிள் இது? சமைக்கிறதுக்குக் கண்ணாடியா?"

விஷயத்தைச் சொன்னதும் அங்கிளைக் கையை நீட்டிக் குறி பார்க்கச் சொன்னார். கண்ணிலிருந்து தீக்குச்சிவரை டேப் பிடித்து அளந்தார். "குச்சி தெளிவா வேணுமா, தூரத்து போர்டு தெளிவா வேணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்."

"ரெண்டும் கிடைக்காது லா அங்கிள். உங்க வயசுல கண்ணு ஒரு தூரத்ததான் பிடிக்கும். நீங்களே சொல்லுங்க."

அங்கிள் என்னைப் பார்த்தார். நானா தீர்ப்புச் சொல்ல முடியும்? அந்தப் பெண் வலது கண்ணுக்கு ஒரு வில்லையைப் போட்டார். அங்கிள் அப்படியே நின்றார். "குச்சி தெரியுது. மருந்துத் தலைகூடத் தெரியுது" என்றார். பிறகு சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "அங்கால எல்லாம் மங்கல்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய ஆளின் குரல் கம்மிப் போயிருந்தது. என்ன மனிதர் இவர் என்று எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது.

புதுக் கண்ணாடியோடு கிளப்புக்குப் போன சனிக்கிழமை, பிஸ்கட் டின்னிலிருந்து பழைய கறுப்பு சைட்டையே தேடி எடுத்து மாட்டினார். பின் பிளவை அகலமாக்கும் வேலையைக் கெவினே அரத்தைப் பிடித்துச் செய்து கொடுத்தார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்று சட்டத்தில் பட்டால் அவ்வளவுதான். அங்கிள் தாடையைத் தூக்கவில்லை. நேராக நின்று சுட்டார். எல்லா ஓட்டைகளும் வட்டத்துக்கு வெளியே இடப்பக்கம் தாழ்வாக, ஒரு கைப்பிடிக்குள் கூட்டமாக விழுந்திருந்தன. சரி, போச்சு என்று தலையில் கை வைத்தேன். கெவினோ சிரித்துக்கொண்டே திருகாணியைத் திருகிப் பின் சைட்டை வலப்பக்கம் கொஞ்சம், மேலே கொஞ்சம் நகர்த்தினார். ஓட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தால் போதும், கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது திருகாணியின் வேலை என்றார். அடுத்த சுற்றில் கூட்டம் வட்டத்தின் நடுவுக்குக் குடிபோனது. பல் டாக்டர்கள் கை தட்டினார்கள். அந்தப் பாட்டியம்மா விசிலே அடித்தார்.

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைப் பூட்டினார், காரில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கெவின் சொன்னது சரிதானே அங்கிள்? ஒத்துக்கிட்டா என்ன?"

"சரிதான்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று குரலை உயர்த்தினார். "தம்பி, ஊரில ஒருக்கா ஒரு செக் பாயின்டில என்ர நெஞ்சுக்கு நேர துவக்கை நீட்டிக்கொண்டு ஒருத்தன் நிண்டவன். சின்னப் பெடியன். கனநேரம் நிண்டவன். நான் அவன்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டனான். என்ர முகத்தைப் பார்த்தாச் சுடமாட்டான், பார்க்கிறான்தானே எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான். இண்டைக்கெல்லோ விளங்குது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை! தன்ர சைட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறான். அவனுக்கு நான் வெறும் மங்கல். என்னை ஒருக்கா வடிவாப் பார்த்திருக்கலாம்தானே? பார்த்திருக்கக் கூடாதோ?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். அன்று அவரோடு சேர்ந்து நானும் அந்தப் பையன்மேல் கோபப்பட்டேன். இவ்வளவு நாளும் அவர் இரும்போடு சண்டை போட்டதாக நினைத்த என்மேலும்தான்.

அங்கிள் கிளப்பை விடவில்லை. "இது கடதாசிதானே, மங்கலா இருந்தாக் குறைஞ்சோ போகும்?" என்று தொடர்ந்து போனார். குற்றம் கண்டுபிடிப்பதும் திரும்பி வந்தது. என் காரின் ஏசியும் அதில் சேர்ந்துகொண்டது. ஆனால் சுட்டு முடித்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கெவினையும் பல் டாக்டர்களையும் ஒவ்வொருவராக முகம் பார்த்த பிறகுதான் விடைபெறுவார்.

பிறகு மெல்பர்னில் இருக்கும் மகள் வந்து, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வது என்று யாராவது யோசித்தார்களா? புறப்படும் அன்று அங்கிள் என் கையில் அகப்பையைக் கொடுத்தார். தீக்குச்சி அப்படியே இருந்தது. பருப்பை மட்டும் அன்ரி மீட்டுவிட்டார். அகப்பை இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாம்பார் கிண்டும்போது குச்சி உள்ளங்கையில் குத்துகிறது, பிடுங்கி எறியட்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். குத்தட்டும்.

கார் கிளம்பும் முன் அங்கிள் பையைத் துழாவி, சுடும்போது போடும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வலது கையை நேராக நீட்டி என் தோளில் வைத்தார். அந்தக் கண்ணாடி தெளிவாகக் காட்டும் கை நீளத் தூரத்தில் சரியாக நிற்கும்படி என்னைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். நெற்றி, கண், மூக்கு, நரைக்க ஆரம்பித்த மீசை என்று ஒன்றுவிடாமல் பார்த்தார்.

"ஓம், தம்பி. இப்ப நீர் வடிவாத் தெரியிறீர்" என்றார்.

அப்படிப் பார்த்த மனிதரை மெல்பர்னுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.